தொத்திக்கு உப்பு தெரியாது

எந்தப் புண்ணியவானோ லிஃப்டின் கம்பிக் கதவைச் சாத்தாமல் போயிருக்கிறான், தயவுசெய்து கதவை மூடவும், தயவுசெய்து கதவை மூடவும் என்று அந்தப் பெண்குரல் சாப்பாட்டு நேரத்திலிருந்து கெஞ்சிக்கொண்டிருக்கிறது, கேட்க நாதியில்லை. பூவராகனுக்கு அந்தக் குரல் இருக்கிற பெட்டியை எங்கே மாட்டியிருப்பார்கள், எந்த ஒயரைப் பிடுங்கினால் அதன் வாய் அடங்கும் என்பதெல்லாம் அத்துப்படி. இருபது வருஷமாக லிஃப்ட் பழுதுபார்க்கிற கம்பெனியில்தான் குப்பை கொட்டுகிறார், மோட்டார் ஓடுகிற சத்தத்தைக் கேட்டே உள்ளே ஆள் இருக்கிறதா, காலியாக இறங்குகிறதா என்று சொல்லிவிடுவார், ஆனால் இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, ஒருநாள் போய்ச் சாத்தினால் போதும், அப்புறம் இந்தக் குடியிருப்பில் எவன் வீட்டு மிக்ஸி ஓடாவிட்டாலும் இவர் வீட்டு மணிதான் அடிக்கும். கத்தட்டும். மடியில் புத்தகம் கவிழ்ந்து கிடக்கிறது. அக்னி நட்சத்திர வெயில், பால்கனிக் கொடியில் காய்கிற சட்டைகள் ஆடாமல் அசையாமல் தொங்குகின்றன, தெருவில் நாய்கூட இல்லை. மகள் நிறைமதி செருப்பை மாட்டிக்கொண்டே சொல்லிவிட்டுப் போனாள், கடைசி அத்தியாயம்தான பாக்கி, நான் ஜெனிஃபர் வீட்டுக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள முடிச்சிடு, வந்து எப்படி இருக்குன்னு கேப்பேன், அதுக்கப்புறம் மாமாவுக்கு சொல்றேன். மாமாவுக்கு என்ன சொல்ல வேண்டும் என்று இரண்டு பேருக்கும் தெரியும். சாயங்காலம் வேலூரிலிருந்து தனசேகர் கார் எடுத்துக்கொண்டு வருகிறார், மதியின் தாய்மாமன். பத்தாவது முடிஞ்சதும் அனுப்பிடுங்க, இங்க வயசுப் பொண்ணு நாள்பூரா தனியா எப்படி இருப்பா மாப்ளே, அங்க அத்தை இருக்கா, எதிர்லயே ஸ்கூல் இருக்கு, என்று தை மாதத்திலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார். மதி போகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. பெத்த அப்பனைப் புத்தகத்தை வைத்துப் பரீட்சை எழுதச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். பூவராகனுக்குச் சிரிப்புக்கூட வந்தது. அவள் போய்விட்டால் இந்த வீட்டில் யார் இருப்பார்கள் என்று நினைத்ததும் அந்தச் சிரிப்பு போய்விட்டது.

புத்தகத்தின் பெயர் நிழலறுப்பார். அட்டையில் ஒரு பெண் மேம்பாலத்துக் கைப்பிடிச் சுவரில் ஏறி நிற்கிறாள், கையில் குறுவாள், தலைமுடியெல்லாம் பறக்கிறது, அங்கே மட்டும் அவ்வளவு காற்று எங்கிருந்து வந்ததோ. அவள் பெயர் கொற்றி, பதினேழு வயது, பகலில் டியூஷன், மீதி நேரமெல்லாம் சென்னைக்குள் புகுந்திருக்கிற தொத்திகளைத் தேடி அறுக்கிற வேலை. தொத்தி என்றால் பேய்தான், ஆனால் புளியமரத்துப் பேய் இல்லை, மனுஷன் மேல் தொற்றிக்கொண்டு அவன் சட்டையைப் போட்டுக்கொண்டு அவன் வேலைக்கே போய்ச் சம்பளம் வாங்கிக்கொண்டு வருகிற பேய். கூட ரெக்ஸ் என்று ஒரு பையன், குத்துச்சண்டை தெரியும், நெற்றியில் ஒரு முடிக்கற்றை விழுந்துகொண்டே இருக்கும், அதை அவள் ஒதுக்கிவிட்டுக்கொண்டே இருப்பாள். எப்படி இருக்கு என்று கேட்டால் என்ன சொல்வது. நல்லா இருக்கு மதி, விறுவிறுன்னு போகுது. இது ஆகாது, இப்படிச் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள், படிக்காமலே சொல்லக்கூடிய பதில் இது. சண்டைக் காட்சியெல்லாம் பிரமாதம், ஆனா பேய் வாசல்ல வந்து நிக்குது, இதுங்க ரெண்டும் ஒண்ணு கண்ண ஒண்ணு பாத்துக்கிட்டு நிக்குதுங்க, பேய் பாவம் எவ்வளவு நேரம் காத்துக்கிட்டிருக்கும், அப்படிச் சொல்லலாம், சிரிப்பாளா. முன்னெல்லாம் சிரிப்பாள். அந்த லிஃப்ட் அத்தியாயத்தைச் சொல்லலாம், அதில் கொற்றி பதினாலு மாடிக் கட்டிடத்தில் லிஃப்ட் குழிக்குள் குதித்து, வாளால் கயிற்றை ஒரே வெட்டு, லிஃப்ட் தொத்தியோடு கீழே போய் நொறுங்குகிறது. அடப் பாவிகளா, லிஃப்டுக்கு ஒரே கயிறா, அஞ்சாறு இரும்புக் கயிறு போகும், அத்தனையும் அறுந்தால்கூட வேகம் கூடின அடுத்த நொடி கவ்வி வந்து தண்டவாளத்தைப் பிடித்துக்கொள்ளும், எழுதுகிறவன் ஒரு மெக்கானிக்கைக் கேட்டிருக்கக் கூடாதா. இதைத்தான் மதியிடம் சொல்ல வேண்டும். சொல்லும்போது அவள் அவரைப் பார்க்க மாட்டாள், கீழே பார்ப்பாள். இரண்டு வாரமாக அப்படித்தான், அவர் கூடத்தில் நடந்தால் அவள் கண் அவர் கால் பக்கத்தில் தரையில் போகிறது. தரையில் என்ன இருக்கிறது என்று அவரும் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டார். கூட்டித்தான் வைத்திருக்கிறாள், மொசைக் தரையில் ஒன்றுமில்லை, அவருடைய நிழலைத் தவிர.

அவருடைய நிழலைத் தவிர. பூவராகன் புத்தகத்தைத் திருப்பிக் கையில் எடுத்தார். நடுவில் எங்கோ வரும், கொற்றிக்கு ஆசான் சொல்லிக்கொடுக்கிற இடம், தொத்தி ஏறின உடம்பின் நிழல் உடம்புக்கு ஒரு இமைப்பொழுது பிந்தி நகரும், பார்க்கத் தெரிந்த கண்ணுக்கு மட்டும் தெரியும். போன வாரம் பஸ்ஸில் வரும்போது படித்தது, கண்டக்டர் சில்லறைக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார், மனசு அதில் பாதி இதில் பாதி. இப்போது பக்கத்தைத் தேடிப் பிடித்துத் திரும்பப் படித்தார். தொத்திக்கு உப்பு தெரியாது. பேய்க்குப் படைக்கிற சோற்றில் உப்புப் போடுவதில்லை அல்லவா, அதனால் அதன் நாக்குக்கு அந்த ருசி பழக்கமில்லை, உப்பில்லாத குழம்பை ஊற்றினாலும் சப்புக்கொட்டிச் சாப்பிட்டுவிட்டுப் போகும். தொத்திக்குக் கண்ணீர் வராது, கண் அதனுடையது இல்லை. எந்தச் சாவு வழியாக அது உள்ளே வந்ததோ அந்தச் செத்தவரின் பெயரை அதனால் சொல்ல முடியாது, நாக்கு எழும்பாது. கடைசியாக ஒன்று, அதை எழுதினவன் தனி வரியாகவே எழுதியிருந்தான். தான் தொத்தி என்று தொத்திக்குத் தெரியாது, நான்தான் அந்த மனுஷன் என்று நினைத்துக்கொண்டு அது இருந்துகொண்டிருக்கும். பூவராகன் அந்த வரியின்மேல் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தயவுசெய்து கதவை மூடவும். மத்தியானம் சாப்பிடும்போது மதி எதிரில் உட்கார்ந்து, தன் தட்டில் கை வைக்காமல், உப்பு சரியா இருக்காப்பா என்று கேட்டாள். எல்லாம் சரியா இருக்கு என்று சொன்னார். நேற்றும் கேட்டாள். முந்தாநாளும் கேட்டாள். சின்னப் பெண், சமையல் பழகுகிறாள், பாராட்டை எதிர்பார்க்கிறாள் என்று நினைத்து நேற்று ஒருபடி மேலே போய், உங்கம்மா கைமணம் அப்படியே வந்திருக்கு என்றுகூடச் சொன்னார். அப்போது அவள் முகம் போன போக்கு. எழுந்து தட்டைக் கழுவப் போனவள் குழாயைத் திறந்துவிட்டுவிட்டு வெகுநேரம் திரும்பவே இல்லை.

எழுந்து சமையலறைக்குப் போனார். ரசம் ஈயச்சொம்பில் இல்லை, எவர்சில்வர் கிண்ணத்தில் தட்டுப் போட்டு மூடியிருந்தது. அந்தச் சொம்பை மதியின் அம்மா எடுத்து மேலே வைத்ததோடு சரி, அதற்கப்புறம் யாரும் இறக்கவில்லை. தட்டைத் தூக்கிக் கரண்டியால் ஒரு வாய் எடுத்து நாக்கில் விட்டார். புளி இருந்தது, மிளகு இருந்தது, பெருங்காயம் இருந்தது. நாக்கு எதையோ தேடியது. இன்னொரு வாய். தேடியது கிடைக்கவில்லை. உப்பு ஒரு கல்கூட இல்லை. சட்டியில் இருந்த அவரைக்காயை எடுத்து வாயில் போட்டார், அதிலும் இல்லை. இதையா இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டோம், இதையா சரியாக இருக்கிறது என்றோம். உப்பு ஜாடி அடுப்பு மேடையிலேயே இல்லை, தேடினால் மேல் தட்டில், மதி நாற்காலி போட்டு ஏறினால்தான் எட்டுகிற இடத்தில், பின்னால் தள்ளி வைத்திருக்கிறது. அப்படியென்றால் மறந்துபோகவில்லை. மறந்தவள் ஜாடியை ஒளித்தா வைப்பாள். பெத்த பெண் அப்பனுக்கு உப்பில்லாத சோற்றைப் போட்டுவிட்டு அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், பேய்க்குப் படைத்துவிட்டு ஒதுங்கி நின்று பார்க்கிற மாதிரி. கோபம் வர வேண்டும் இல்லையா, மனுஷனாக இருந்தால். கோபம் வரவில்லை. வந்ததெல்லாம் பயம், அவளுக்குப் பைத்தியமா என்ற பயம் ஒரு ஓரத்தில், இன்னொரு ஓரத்தில், அவர் எட்டிப் பார்க்க விரும்பாத ஓரத்தில், வேறொரு பயம். இப்போது உப்பு இல்லை என்று தெரிகிறதே, தெரிந்துவிட்டதே, அப்படியானால் நான் நான்தானே. படித்தபிறகு தெரிவது கணக்கில் சேருமா. இல்லை என்று ஒருவன் சொல்லிக் கேட்ட பிறகு இல்லாததைக் கண்டுபிடிக்க எந்த நாக்குக்கும் முடியும்.

கூடத்துக்கு வந்து பால்கனி வெளிச்சத்தில் நின்றார், நிழல் தரையில் குட்டையாகக் கிடந்தது. கையைத் தூக்கினார். அதுவும் தூக்கியது. படக்கென்று இறக்கினார். இறங்கியது, கூடவே இறங்கியதா, பின்னால் இறங்கியதா, மேலே ஃபேன் ஓடுகிறது, இறக்கையின் நிழல் வெட்டி வெட்டிப் போகிறது, அதில் எதையும் சொல்ல முடியவில்லை. ஃபேனை நிறுத்தினார். அது சுற்றி ஓய்வதற்குள் அவருக்கே வெட்கமாகப் போய்விட்டது. நாற்பத்தெட்டு வயது ஆள், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வீட்டுக்கு நடுவில் நின்று தன் நிழலுக்குக் கை காட்டிக்கொண்டு. அழவில்லை, அது உண்மைதான். மதியின் அம்மா போனபோது ஆஸ்பத்திரியில் அழவில்லை, வீட்டில் கொண்டுவந்து கிடத்தினபோது அழவில்லை, காரியம் முடிந்து எல்லாரும் கிளம்பிப்போன பிறகும் இல்லை. ஆம்பளைக்கு அழுகை உள்ளேயே இருக்கும் என்று தனசேகர் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார், இவருக்காகச் சமாதானம் சொல்கிற மாதிரி. உள்ளே தேடிப் பார்த்தார், அங்கேயும் இல்லை. உள்ளே இருந்தது ஒரு சத்தம் மட்டும்தான். அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. அது எங்கே கேட்டதோ அந்த இடம் புத்தகத்தின் முதல் அத்தியாயத்திலேயே வந்தபோது மூடி வைத்து, அரை வாரம் தொடவே இல்லை. தொத்தி எப்போது ஏறும் என்று அங்கே எழுதியிருக்கிறது. சுடுகாட்டிலிருந்து கிளம்புகிறவன் திரும்பிப் பார்த்தால்.

அவள் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, அது ஊரில் பாதிப்பேர் வீட்டு வழக்கம்தான். ஆனால் ஏங்க என்றும் கூப்பிட்டதில்லை. கல்யாணமான புதுசில், வீடு நிறைய ஆட்கள், அத்தனை பேர் முன்னால் ஏங்க என்று சொல்லவே வெட்கம், கையைத் தட்டினாள். டப், கொஞ்சம் விட்டு, டப். முதல் தட்டு பலமாக இருக்கும், இரண்டாவது, கூப்பிடலாமா வேண்டாமா என்று யோசித்த மாதிரி மெதுவாக விழும். அதுவே நிலைத்துவிட்டது. சாப்பாட்டு டப்பாவை மறந்து கீழே வண்டியை எடுத்தால் மூணாவது மாடிப் பால்கனியிலிருந்து டப், டப். தெருவில் நிற்கிற அத்தனை ஆம்பளைகளில் இவர் ஒருத்தர் தலைதான் நிமிரும். சந்தைக் கூட்டத்தில், கல்யாணச் சத்திரத்தில், திருவிழாவில் மேளம் முழங்கும்போதுகூடத் தட்டினால் திரும்பிவிடுவார், கூட வேலை பார்க்கிறவர்கள் சர்க்கஸ் சிங்கம் என்று கேலி பண்ணினார்கள், அவரும் சிரித்துக்கொண்டே இன்னும் கொஞ்சம் வேகமாகத் திரும்பினார். தை மாதம், மின்மயானம், வெயில் இதே மாதிரி ஆனால் சூடில்லாத வெயில். மதி நானும் வர்றேன் என்று நின்றாள், நான்தான புள்ள, நான் வராம வேற யாரு வருவா என்று கேட்டாள், பொம்பளப் புள்ளைங்க அங்கெல்லாம் வரக் கூடாது என்று தனசேகர் சொல்ல, மதி அவரைப் பார்க்கவில்லை, அப்பாவைப் பார்த்தாள். பூவராகன் குனிந்து வேட்டி முடிச்சைச் சரிசெய்தார். அங்கே போய், கற்பூரம் ஏற்றி, தட்டோடு உள்ளே தள்ளி, இரும்புக் கதவு இறங்கினது. கும்புட்டுக்குங்க சார், திரும்பிப் பாக்காம நேரா நடங்க, என்றான் அங்கிருந்த ஆள். நடந்தார். நிலைவாசலைத் தாண்டவில்லை. முதுகுக்குப் பின்னால் டப். கொஞ்சம் விட்டு, டப். கழுத்து தானாகத் திரும்பிவிட்டது, இருபது வருஷப் பழக்கம் அவரைக் கேட்டுக்கொண்டா திரும்பும். இரும்புக் கதவு மூடியிருந்தது, அந்த ஆள் தூரத்தில் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தான், வேறு யாரும் இல்லை. சூடேறினால் தகடு விரியும், விரிந்தால் தட்டும், இயந்திரத்தோடேயே வாழ்கிற ஆளுக்கு இது தெரியாதா. தெரியும். ஆனால் எந்தத் தகடு யோசித்து இரண்டாவது தட்டு தட்டும். அதோடு முடிந்ததா என்றால் இல்லை, வெளியே வந்து கேட்டைத் தாண்டி வேனில் கால் வைக்கும்போது மறுபடியும், பின்னாலிருந்து, டப், டப். இந்த முறை அவர் ஏமாறவில்லை. கழுத்தைக் கட்டை மாதிரி வைத்துக்கொண்டு, தனசேகர் கையைப் பிடித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்துவிட்டார். ஒரு தடவை தவறிவிட்டேன், இரண்டாம் தடவை ஜெயித்துவிட்டேன் என்று வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிக்கொண்டே வந்தார். ஜெயித்துவிட்டால் ஏன் அதற்கப்புறம் எதுவும் ருசிக்கவில்லை.

குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்றார். வாயைத் திறந்தார். அவள் பெயரைச் சொன்னால் தீர்ந்தது, இந்தக் கூத்து இத்தோடு ஒழிந்தது. பூவராகன், என்று முதலில் தன் பெயரைச் சொல்லிப் பார்த்தார், வந்தது. நிறைமதி, வந்தது. தனசேகர், ஜெனிஃபர், கொற்றி, ரெக்ஸ், கீழ்வீட்டு நாய் டாமி, எல்லாம் சரளமாக வந்தது. அடுத்து அவள் பெயர். உதடு கூடியது, நாக்கு மேலே போய் ஒட்டியது, மூச்சு வந்து பின்னால் நின்றது, கண்ணாடியில் ஒருத்தன் வாயைத் திறந்துகொண்டு நிற்கிறான், அவ்வளவுதான். பத்திரிகையில் போட்டார்கள், மரணச் சான்றிதழில் இருக்கிறது, ரேஷன் கார்டில் இருக்கிறது, கண்ணால் படிக்க முடிகிறது. வாயால் தை மாதத்திலிருந்து சொல்லவே இல்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது. உங்கம்மா, அவ, மதியோட அம்மா, வீட்ல, இப்படியே ஓட்டியிருக்கிறார். மதி இதையும் கவனித்திருப்பாள். ஒருநாள் கேட்டாளே, ஆதார்ல அம்மா பேரை எப்படிப்பா எழுதியிருக்கு என்று, இவர் பதில் சொல்லாமல் அட்டையை எடுத்து நீட்டினாரே. அவளும் அதை வாங்கிக்கொண்டு போனாள். கண்ணாடிக்காரனின் முகத்தைப் பார்க்கப் பார்க்க அது தெரிந்த முகம் மாதிரியும் இருந்தது, பக்கத்துத் தெருவில் அடிக்கடி பார்க்கிற யாரோ ஒருவன் மாதிரியும் இருந்தது. தயவுசெய்து கதவை மூடவும். குளியலறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

கடைசி அத்தியாயம் நின்றபடியேதான் படித்தார். கொற்றியின் அப்பாவே தொத்தி. நாலு அத்தியாயத்துக்கு முன்னாலேயே அவளுக்குத் தெரிந்துவிடுகிறது, ரெக்ஸ் அறு என்கிறான், அவள் மாட்டேன் என்கிறாள், மழை பெய்கிறது, கடைசியில் மொட்டைமாடியில் துணி எடுக்க வந்த அப்பாவின் நிழலை அவள் குனிந்து ஒரே இழுப்பாக அறுத்துவிடுகிறாள். அது கத்தவில்லை. ஈரத்துணியைக் கையில் வைத்துக்கொண்டு திரும்பி, சாப்பிட்டியாம்மா என்று கேட்டுவிட்டு விழுகிறது. அவ்வளவுதான் கதை. அப்புறம் கொற்றி மேம்பாலத்தில் நிற்கிறாள், ஊரைக் காப்பாற்றிவிட்டாள், காற்றில் முடி பறக்கிறது. பூவராகனுக்கு அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. என்ன புத்தகம் இது, எவன் எழுதினான். கேட்டது தொத்தியா அப்பனா என்று சொல்ல வேண்டாமா. தொத்தியாகவே இருக்கட்டும், சாப்பிட்டியா என்று கேட்டதில்லையா, ஒரு வருஷம் அவளுக்காகத் துணி எடுத்து மடித்து வைத்ததில்லையா, கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டு அறுக்கக் கூடாதா. இதுதான் என் அபிப்பிராயம், மதி வரட்டும், இதைத்தான் சொல்லப் போகிறேன், லிஃப்ட் கயிறும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. சொன்னால் தெரிந்துவிடும், எனக்கு எல்லாம் தெரியும் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். தெரிந்தால் போய்விடுவாள். தெரியாவிட்டாலும் போய்விடுவாள். எந்த அப்பன் எந்தப் பெண்ணிடம் போய், நான் பேயில்லம்மா என்று சொல்லியிருக்கிறான், எந்த வார்த்தையில் சொல்லுவான். அவள் இல்லாத வீட்டில் தான் தினமும் வந்து கதவைத் திறந்து உள்ளே போய் விளக்குப் போட்டு உட்காருவதை நினைத்துப் பார்த்தார். அப்படி உட்கார்ந்திருப்பது யார் என்று பார்க்கக்கூட ஆள் இருக்காது. அப்போதுதான் அது கேட்டது.

டப். கொஞ்சம் விட்டு, டப்.

வெளியிலிருந்து, கீழேயிருந்து. பூவராகனின் புறங்கழுத்து கட்டையானது, அன்றைக்கு வேனில் ஏறும்போது ஆன அதே மாதிரி. கையிலிருந்த புத்தகம் எப்போது தரையில் விழுந்ததென்று தெரியவில்லை. தகடு இல்லை, இங்கே எந்தத் தகடும் இல்லை, உச்சி வெயில் சாய்கிற நேரம், காலித் தெரு, அவளுடைய கைதான், அந்த இடைவெளி அவளுடையதுதான், அதை வேறு யாராலும் தட்ட முடியாது. போகாதே என்றது உடம்பு. ஒரு தடவை பார்த்ததற்கே இந்தப் பாடு. திரும்பாமல் இருந்தால் ஜெயிக்கலாம், ஏற்கெனவே ஒருதரம் ஜெயித்தாய். ஜெயித்து என்ன கண்டோம் என்று இன்னொரு குரல் கேட்டது, அதுவும் அவருடைய குரல்தான், ரொம்ப நாள் கழித்துக் கேட்கிறார். உப்பு தெரியவில்லை, அழுகை வரவில்லை, பெயர் வரவில்லை, பெண் போகப் போகிறாள், இதுதான் ஜெயித்த லட்சணம். அவளாகவே இருந்துவிட்டுப் போகட்டும். டப்பாவை மறந்துவிட்டேன் போலிருக்கிறது, கூப்பிடுகிறாள். பூவராகன் திரும்பினார். பால்கனிக்குப் போய், தொங்குகிற சட்டைகளை ஒதுக்கி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தார். தெரு நடுவில், வெயிலில், மதி நின்றுகொண்டிருந்தாள், இரண்டு கையும் தட்டின வாக்கிலேயே சேர்ந்திருந்தன. அண்ணாந்து அவரைப் பார்த்தாள். தரையை அல்ல, முகத்தைப் பார்த்தாள். அவர் கையை அசைத்தாரா என்பது அவருக்கு நினைவில்லை, அவள் தலை குனிந்து கட்டிடத்துக்குள் போய்விட்டாள்.

கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றார். படியில் அவள் ஏறி வருகிற சத்தம், லிஃப்டின் கெஞ்சல், இரண்டும் ஒன்றாக வந்தது. வந்தவள் செருப்பைக் கழற்றவில்லை, வாசல்படிக்கு அந்தப் பக்கமே நின்றாள், முகமெல்லாம் வேர்வை.

“லிஃப்ட் நம்ம மாடியிலதான் நிக்குது. நீ திறந்து வச்சியா?” என்றாள்.

“இல்லையே.” அவர்கள் வாசலிலிருந்து லிஃப்ட் தெரியாது, திருப்பத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. மத்தியானத்திலிருந்து இங்கேயா நிற்கிறது, பத்தடி தூரத்திலா.

“படிச்சிட்டியா? எப்படி இருக்கு?”

பூவராகன் தயாராக வைத்திருந்ததையெல்லாம் விட்டுவிட்டார். “ரசத்துல உப்பே இல்ல மதி,” என்றார்.

அவள் கண்கள் அவர் முகத்தை விட்டு நகரவில்லை. “நாலு நாளா எதுலயும் போடல. இன்னிக்குத்தான் தெரிஞ்சுதா உனக்கு?”

“இன்னிக்குத்தான். கீழ நின்னு ஏன் தட்டின?”

“நீ திரும்புறியான்னு பாக்க.” நிறுத்தாமல் சொன்னாள். “அன்னிக்கும் தட்டினேன்ல. ஜெனிஃபரோட அண்ணன் வண்டியில வந்தேன், உள்ள விடமாட்டாங்கன்னு கேட்டுக்கு வெளிய செவுத்தோரம் நின்னேன். நீ வேன்ல ஏறப் போன. வாய்விட்டுக் கூப்பிட்டா மாமா பாத்துடுவாரு, அதான் அம்மா மாதிரித் தட்டினேன். உனக்குக் கேட்டுச்சு. உன் கழுத்து அப்படியே வெறச்சுப் போனத நான் பாத்தேன். கேட்டும் திரும்பல. அம்மா தட்டி நீ திரும்பாம இருந்ததே இல்ல. எங்கப்பாவா இருந்தா திரும்பியிருப்பாரு. இன்னிக்கும் நீ வந்து பாக்கலேன்னா மேல வராம அப்படியே மாமா கூடப் போயிடலாம்னு இருந்தேன்.”

அது இவளா. செத்தவளுக்குத் திரும்பிவிட்டு, உயிரோடு நின்றவளுக்கா கழுத்தைக் கட்டையாக்கிக்கொண்டேன். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். “நான் திரும்பினேன் மதி,” என்றார். “அதுக்கு முன்னாடியே. உள்ள. கதவு இறங்கினதும் பின்னால தட்டுற சத்தம் கேட்டுச்சு, திரும்பிட்டேன். திரும்பக் கூடாதுல்ல. பயந்துட்டேன். அதான் வெளிய வந்ததும் மறுபடி கேட்டப்ப திரும்பல. நீன்னு தெரியாது எனக்கு, சத்தியமா தெரியாது.”

மதி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கோபம் முகத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக விலகி, அந்த இடத்தில் வேறொன்று வந்தது.

“நான் உள்ள வரவே இல்லப்பா,” என்றாள்.

“தெரியுது.”

“கேட்டுக்கு வெளியதான் நின்னேன். ஒரு தடவதான் தட்டினேன்.” அவள் குரல் இறங்கிவிட்டது. “அப்ப உள்ள தட்டினது யாருப்பா?”

பூவராகன் வாயைத் திறந்தார். உதடு கூடியது, நாக்கு மேலே போய் ஒட்டியது, மூச்சு வந்து பின்னால் நின்றது. கண் எரிந்தது, வேர்வையாக இருக்கும் என்று நினைத்தார், வேர்வை இல்லை, கன்னத்தில் வழிந்து உதட்டோரம் வந்து நாக்கில் கரித்தது.

“தமயந்தி,” என்றார்.

திருப்பத்துக்கு அந்தப் பக்கம் கம்பிக் கதவு சாத்தப்படுகிற சத்தம் கேட்டது. மத்தியானத்திலிருந்து கெஞ்சிக்கொண்டிருந்த குரல் பாதியில் நின்றது. மோட்டார் உறுமி, லிஃப்ட் கீழே இறங்க ஆரம்பித்தது, பூவராகன் பழக்கத்தில் காதைக் கொடுத்துக் கேட்டார். காலியாக இறங்கவில்லை, ஒரு ஆள் கனம் இருந்தது. அது தரையைத் தொட்டு நின்றது. அப்புறம் மதி செருப்பைக் கழற்றி உள்பக்கம் வைத்துவிட்டு, மேல் தட்டிலிருக்கிற ஜாடியை எடுக்க நாற்காலியை இழுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். “மாமா கிளம்பியிருக்க மாட்டாரு,” என்று அங்கிருந்தே சொன்னாள், “வர வேணாம்னு நீயே ஃபோன் பண்ணிடு.”